என் வலது கைக்கு முழு மார்க்

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வருவது சம்பந்தம் பேச வருகிறவர்களாக இருந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவராக இருந்தாலும் சரி, அழைப்பு மணி அடித்ததும் எனக்குள் ஒரு சுவிட்ச் விழும். சோபா உறையை இழுத்துவிடுவேன். தலைமுடியை ஒதுக்கிக்கொள்வேன். "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பேன். ஒருமுறை எதிர்வீட்டுப் பார்சலை எங்கள் வீட்டில் கொடுக்க வந்த கூரியர்காரருக்கு உப்புமா கொடுத்து அனுப்பியிருக்கிறேன். (அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார். இந்த வியாதி முற்றியதற்கு அவரைப் போன்றவர்களும் காரணம்.)

இந்தப் புத்தியால் எனக்குப் போனது ஒரு வேலையும், வலது கைக் கட்டைவிரலின் பாதி பலமும். எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதையைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். நான் சொன்னால் கொஞ்சம் கசக்கும். சொல்லாமல் இருந்தால் எனக்குள் கசந்துகொண்டிருக்கும், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் பூர்வீகத்தில் திருநெல்வேலிக்காரர்கள். இருப்பது கல்கத்தாவில், கரியாஹாட் சந்தடிக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்றாவது மாடியில். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் கிடர்பூரில் கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மேனேஜர். மகள் வடிவு அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் கோபம் வந்தால் வங்காளிதான் வரும். நான் நியூ டவுனில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைப் பார்த்து, ஒவ்வொரு வியாதிக்கும் அதற்குரிய எண்ணைப் போட்டு, கணினியில் ஏற்றும் வேலை. காலையில் மௌஸைப் பிடித்தால் சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்வரை அந்தக் கைக்கு ஓய்வு கிடையாது.

முதலில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் மரத்துப்போக ஆரம்பித்தது. தூக்கத்தில் கை எரிந்து விழிப்பு வரும், எழுந்து உட்கார்ந்து உதறு உதறு என்று உதறினால்தான் அடங்கும். (பக்கத்தில் படுத்திருப்பவர், "என்ன, கொசுவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.) சுண்டுவிரல் ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. அதற்கு வேறு நரம்பாம்.

டாக்டர் நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்துவிட்டு, கார்ப்பல் டனல் என்றார். மணிக்கட்டுக்குள் குகை மாதிரி ஒரு குறுகலான வழி இருக்கிறதாம். அதற்குள் போகிற நரம்பு நசுங்குகிறதாம். கங்கைக்கு அடியில் குடைந்து மெட்ரோ ரயிலே விட்டுவிட்ட ஊரில், என் மணிக்கட்டில் ஒரு நரம்பு போக இடமில்லை. "டைப் அடிக்கிற வேலையை உடனே குறைக்கணும். இல்லேன்னா கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற சதை வத்திப்போகும். வத்தினப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் பழைய பலம் வரும்னு சொல்ல முடியாது" என்றார்.

எங்கள் கம்பெனியில் அப்போது பயிற்சிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முழுக்க முழுக்க வாயால் செய்கிற வேலை. எனக்கு வாயில் எந்த அடைப்பும் கிடையாது. கேட்டேன். மனிதவளப் பிரிவில் இருந்தவர் நல்ல மாதிரியாகவே பேசினார். "நரம்பு எப்படி இருக்குன்னு டாக்டர் எழுதிட்டார். அதனால நீங்க தினப்படி வாழ்க்கையில என்னென்ன செய்ய முடியாம இருக்கீங்க, எங்கெல்லாம் போக முடியாம இருக்கீங்க, அதை அளந்து ஒரு ரிப்போர்ட் வேணும். நாங்களே ஆள் அனுப்புறோம், வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க. கஷ்டப்படுறீங்கன்னு அவங்க எழுதிட்டா அந்த இடம் உங்களுக்குத்தான்" என்றார்.

இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? எனக்கு ஒன்றும் வரவில்லை என்று காட்டினால் பாஸ். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் அதைத்தான் வருஷக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் சொன்னதில் என் காதில் தங்கிப்போனது கடைசி விஷயம் இல்லை. 'வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க' என்பதுதான்.

வரப்போகிற தெரபிஸ்ட் முன்கூட்டியே போன் செய்தாள். பெயர் மௌஷுமி. சின்ன வயசுக் குரல். (அவள் பேசியதெல்லாம் வங்காளியில், தமிழில் எழுதுவது நான். திதி என்றால் அக்கா.) "திதி, எனக்காக எதையும் மாத்த வேண்டாம். தினமும் வீடு எப்படி இருக்குமோ, நீங்க எப்படி இருப்பீங்களோ, அப்படியே இருங்க. அதைப் பார்க்கத்தான் வரேன்" என்றாள். "ஆச்சா, ஆச்சா" என்று சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி இறக்கையில் தூசி அப்பிக்கொண்டிருந்தது.

தினமும் எங்கள் வீடு அப்போது எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எவர்சில்வர் டம்ளர்கள் வழுக்கி விழுந்துகொண்டே இருந்ததால் பரணுக்குப் போய்விட்டன, காதுவைத்த பிளாஸ்டிக் கப்தான் புழக்கம். கரண்டிக் காம்பில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன், அது மஞ்சளும் எண்ணெயுமாகப் பார்க்கவே சகிக்காது. செய்தித்தாளைக் கையில் பிடிக்க முடியாது, தரையில் விரித்துவைத்துக் குனிந்து படிப்பேன். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், அம்மா ஊரிலிருந்து பேசினால் மாடிப்படி வரைக்கும் குடும்ப ரகசியம் கேட்கும். ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுவதும் தலைவாரி விடுவதும் வடிவு. வாசலில் ஸ்டிக்கர் கோலம், ஏனென்றால் கோலமாவை எடுக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும், அவை இரண்டும் பேச்சுவார்த்தையை நிறுத்தி நாளாகியிருந்தது. எனக்குச் சாப்பாடு ஸ்பூனில்.

மௌஷுமி அப்படியே உள்ளே வந்து சுற்றிப் பார்த்திருந்தால் ஒரு கேள்வி கேட்காமலே ரிப்போர்ட் எழுதியிருப்பாள். நான் விட்டேனா?

மின்விசிறி துடைக்கப்பட்டது. பிளாஸ்டிக் கப்புகள் கட்டிலுக்கு அடியில் போயின, டம்ளரும் டவராவும் பரணிலிருந்து இறங்கின. கரண்டித் துணியைப் பிய்த்து எறிந்தேன். அவள் வருகிற அன்று காலையில் வாசலில் இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கோலமாவை எடுத்து உட்கார்ந்தேன். இழை இழுத்தால் திட்டுத் திட்டாக விழுந்தது. புள்ளியெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வந்தன. பார்க்கப் பொறுக்காமல் வடிவு என் கையிலிருந்து மாவைப் பிடுங்கி, போனில் பார்த்துப் பார்த்து, அழகாக ஒரு கோலத்தைப் போட்டு முடித்தாள். முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தூர் மா! கேனோ, ஏன் இதெல்லாம்? அவங்க உன்னால எது முடியலைன்னு பாக்க வராங்க. நீ எல்லாத்தையும் ஒளிச்சு வைக்கறே!"

"அதுக்காக வர்றவங்க முன்னாடி வீட்டைக் குப்பையாப் போட்டு வைக்கவா முடியும்? நாளைக்கு ஆபீஸ்ல போயி, மதராஸிங்க வீடு இப்படித்தான் இருக்கும்னு சொல்ல மாட்டாளா?"

(தென்னிந்தியாவின் மானம் முழுவதும் அன்று என் அடுப்படி மேடையில் இருந்ததாக நினைப்பு. தென்னிந்தியா என்னைக் கேட்கவில்லை.)

இவ்வளவு தூரம் வந்தபின் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கிடர்பூருக்கு லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அடுப்படிக்குள் வந்தார். "ஏம்மா, அந்தப் பொண்ணு நிக்கும்போது நீ பாட்டில் மூடியோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? புருசன்னு ஒருத்தன் இருந்தும் ஒரு ஒத்தாசை கிடையாதுன்னு எழுதிட்டுப் போயிருவா" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. உப்பு, புளி, பருப்பு, காபித்தூள், ஊறுகாய் என்று அலமாரியில் இருந்த அத்தனை பாட்டில்களையும் டப்பாக்களையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொரு மூடியையும் திருகித் தளர்த்தி, வெளிப்பார்வைக்கு மூடியிருக்கிற மாதிரி மேலாக வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்படியில் செய்த முதல் வேலை அதுதான். எனக்கு மனசு நெகிழ்ந்துபோனது. இப்படியும் ஒரு மனுஷனா என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ராகம்தான் வேறு.

மௌஷுமி வந்தாள். பருத்திக் குர்தா, தோளில் பை, கையில் டேப்லெட். நான் பட்டு இல்லை, ஆனால் பட்டுக்கு அடுத்தது. வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"இந்த ஆல்பனா நீங்க போட்டதா திதி? கையாலயா?"

"பின்னே காலாலயா?" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டுக் கோலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது. வடிவு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உட்கார்ந்ததும் கேள்விகள் ஆரம்பமாயின. ஒவ்வொன்றுக்கும் கஷ்டமே இல்லை, கொஞ்சம் கஷ்டம், நடுத்தரம், ரொம்பக் கஷ்டம், முடியவே முடியாது என்று ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோபாவில் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார், பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசப் பெண்ணின் அப்பா உட்காருவதைப் போல.

"பட்டன், கொக்கி மாட்டறது?"

"கஷ்டமே இல்லை." (மாட்டிவிட்டவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.)

"புத்தகமோ பேப்பரோ பிடிச்சுப் படிக்கிறது?"

"தினமும் பேப்பர் படிச்சாத்தான் எனக்குப் பொழுதே விடியும்."

"போனைப் பிடிச்சுப் பேசறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சங்கரலிங்கம் முந்திக்கொண்டார். "அதுல இவளுக்குக் கஷ்டமே கிடையாது மேடம், கஷ்டமெல்லாம் பில்லு கட்டுற எனக்குத்தான்!" இதை அவர் ஹிந்தியும் வங்காளியும் கலந்து சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மௌஷுமி விரலால் எதையோ தட்டிக்கொண்டாள்.

"தூக்கத்துல கை வலிச்சு எழுந்துக்கறீங்களா?"

"படுத்தா விடியறவரைக்கும் தெரியாது."

அப்போதுதான் கதவோரத்திலிருந்து வடிவு, "மா தோ..." என்று வங்காளியில் ஆரம்பித்தாள். அம்மா வந்து என்று அர்த்தம். அதற்கு மேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "வடிவு, கீழே போய்ப் பச்சைமிளகாய் வாங்கிட்டு வா" என்றேன்.

"வீட்டுல நிறைய இருக்கே."

"பரவால்ல, இன்னும் வேணும்."

கண்ணை உருட்டினேன். அவள் செருப்பைத் தரையில் அடித்து மாட்டிக்கொண்டு போனாள். எனக்காகப் பேச அந்த வீட்டில் இருந்த ஒரே ஆளைப் பச்சைமிளகாய் வாங்க அனுப்பினவள் நான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மௌஷுமி டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தணித்துக் கேட்டாள். "கை இப்படி ஆனதுலேர்ந்து போகாம விட்ட இடம் ஏதாவது உண்டா திதி? கோயில், கல்யாணம், பாட்டு, சிநேகிதிங்க வீடு?"

உண்டு. வெள்ளிக்கிழமை பஜனைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். எல்லோரும் தாளம் தட்டும்போது என் கைக்குத் தட்டினது தெரியவில்லை, தாளம் தப்பியது, பக்கத்தில் இருந்த மாமி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கல்யாணங்களுக்கும் போவதில்லை. கடைசியாகப் போன கல்யாணத்தில் ரசம் சாதத்தைப் பிசைந்து எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் விழுந்தது. எதிர்ப்பந்தியில் ஒரு குழந்தைக்கு அதன் அம்மா ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை என்னைக் காட்டிச் சிரித்தது. மோருக்கு முன்னாலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் இஸ்திரிச் சட்டை. எதிரில் ஒரு விருந்தாளி.

"எல்லாத்துக்கும் போறேனே! நவராத்திரிக்கு எங்க வீட்டுல கொலு வைப்போம், நீ கட்டாயம் வரணும்" என்றேன்.

கடைசியாக அடுப்படிக்கு வந்தாள். தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையைச் செய்துகாட்டச் சொன்னாள். எந்த வேலையை வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். தேங்காய் துருவப் போயிருந்தால் முதல் இழுப்பிலேயே உண்மை தெரிந்திருக்கும். ஆனால் விருந்தாளி நிற்கிறாள், கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. காபி போட்டேன்.

காபித்தூள் டப்பா மூடி தொட்டதும் கையோடு வந்தது. "மூடி திறக்கறதும் கஷ்டமில்லை போலிருக்கே" என்று அவள் தட்டிக்கொண்டாள். வாசலில் நின்று சங்கரலிங்கம் எனக்குக் கண்ணடித்தார். நான் டிகாஷனில் கொதிக்கிற பாலை ஊற்றி, டவராவை இந்தக் கையிலும் டம்ளரை அந்தக் கையிலும் எடுத்து, உயரத் தூக்கி ஆற்றினேன். விளையாட்டாக இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். நுரை வந்தது. அவள் கண்கள் விரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அவள் முகம் மாறியது. "திதி, உங்க விரல்மேல ஊத்துதே... சுடலையா?"

குனிந்து பார்த்தேன். காபி டவரா விளிம்பைத் தாண்டி வலதுகை விரல்களின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. ஆவி பறந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுண்டுவிரல் பக்கம் ஒரு சொட்டு தெறித்தபோதுதான் அது கொதிக்கிற காபி என்பதே உறைத்தது. 'மௌஷுமி, எனக்குச் சூடு தெரியலை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றேன்.

"திருநெல்வேலிக் கை மேடம்!" என்றார் சங்கரலிங்கம்.

காபியைக் குடித்துவிட்டு "தாருண்!" என்றாள் மௌஷுமி. பிரமாதம் என்று அர்த்தம். நான் வைத்த சந்தேஷ் இனிப்பைச் சாப்பிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல ஓர் எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கைக் கொடுத்து அனுப்பினேன். (சுற்றியது கடையில்தான். அதையும் சொல்லவில்லை.)

அவள் போனபிறகு வடிவு பச்சைமிளகாயோடு வந்தாள். என்னிடம் பையைக் கொடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "மா, உன் கை!" ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் உப்பிக் கொப்புளம் கட்டியிருந்தது. வடிவு என் கையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதும் வலிக்கவில்லை.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சங்கரலிங்கம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். உடுத்துவது, தானாகவே செய்கிறார். சமையல், தானாகவே செய்கிறார். வீட்டு வேலை, வெளி வேலை, தூக்கம், சமூக நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது, எதிலும் குறிப்பிடும்படியான சிரமம் இல்லை. விரல்களின் நுண்ணிய இயக்கம் சிறப்பாக உள்ளது, கோலத்தின் புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.

"ஏ, ஃபுல் மார்க்! எல்லாத்துலயும் ஃபுல் மார்க் வாங்கிட்டாளே!" என்று அவர் தொடையில் தட்டினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு எல்லாப் பாடத்திலும் முழு மார்க் போட்டதில்லை. அடுத்த வரியை வடிவு வாங்கிப் படித்தாள். மேற்படி அறிக்கையின் அடிப்படையில், பயிற்சிப் பிரிவுக்கு மாற்றம் கோரிய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

மறுநாள் மௌஷுமியின் கிளினிக்கைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவள் என்னைப் பார்த்ததும், "நல்லவேளை வந்தீங்க" என்று மேஜைக்கு அடியிலிருந்து என் முறுக்கு டப்பாவை எடுத்து வைத்தாள். "வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதுன்னு எங்கம்மா நாரு செஞ்சு போட்டிருக்காங்க. ஒண்ணு சாப்பிடுங்க." தேங்காய் உருண்டைக்குத்தான் நாரு என்று பெயர். மரியாதைக்காக ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சண்டையை ஆரம்பிக்கலாம் என்று டப்பாவை எடுத்தேன்.

மூடி வரவில்லை.

வலதுகையால் பிடித்தால் வழுக்கியது. மடியில் வைத்துக்கொண்டு இடதுகையால் இழுத்தேன். நகத்தை விட்டு நெம்பினேன். முந்தானையால் பிடித்துப் பார்த்தேன். டப்பா கீழே விழுந்து உருண்டுபோய் நாற்காலிக் காலில் முட்டி நின்றது, அப்போதும் திறக்கவில்லை. நிமிர்ந்தால் மௌஷுமி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து என் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"இது எப்போ?"

"அன்னிக்குத்தான். காபி ஆத்தும்போது."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "திதி, இதைப் பாக்கத்தான் நான் உங்க வீட்டுக்கு வந்தேன். திரும்பத் திரும்பக் கேட்டேனே! ஏன் எங்கிட்டப் பொய் சொன்னீங்க?"

"நீ வீட்டுக்கு வந்தவ" என்றேன்.

ரிப்போர்ட் தப்பு என்று அவள் கம்பெனிக்கு எழுதி அனுப்பிப் பார்த்தாள். ஆறு மாதம் கழித்துத்தான் மறு மதிப்பீடு, அதுதான் விதி என்று பதில் வந்தது. டாக்டர் உடனே ஆபரேஷனுக்கு வரச் சொன்னார். வேலையில் லீவு கேட்டால், அறிக்கைப்படி எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். அப்படியே லீவு போட்டுவிட்டால் பயிற்சிப் பிரிவும் போய்விடும் என்ற பயம் எனக்கு. அந்த ஆறு மாதமும் டைப் அடித்தேன்.

இரண்டாவது முறை மௌஷுமி வந்தபோது வடிவு காலேஜுக்குப் போகவில்லை. கரண்டித் துணி, பிளாஸ்டிக் கப், ஸ்டிக்கர் கோலம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கிடர்பூருக்கு அனுப்பிவிட்டாள். நான் நைட்டியில், வாராத தலையோடு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. என்னை அறியாமல் எழுந்து, "வாம்மா, காபி சாப்பிடுறியா?" என்றேன். "போஷோ மா!" என்று வடிவு தோளைப் பிடித்து அழுத்தி என்னை உட்காரவைத்தாள். அன்றைக்கு அத்தனையும் சொன்னேன், ரசம் சாதம் உட்பட. மௌஷுமி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

ரிப்போர்ட் சரியாக வந்தது. பயிற்சிப் பிரிவு இடத்தில் அதற்குள் ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். இரண்டு கையும் நன்றாக இருக்கிற பையன். பேசும்போது இரண்டையும் ஆட்டி ஆட்டிப் பேசுவான். நான் வேலையை விட்டேன், ஆபரேஷன் செய்துகொண்டேன். எரிச்சல் போய்விட்டது, ராத்திரி தூங்குகிறேன். ஆனால் கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாகவே இருக்கிறது. டாக்டர் சொன்னபடிதான், கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டேனாம். வாசலில் ஸ்டிக்கர் கோலம்தான் நிரந்தரம்.

இப்போது நவராத்திரிக்கு ஆட்கள் கூடினால் சங்கரலிங்கம் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். நடித்தே காட்டுவார். டம்ளரை எடுத்து ஆற்றிக் காட்டுவார், "எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்று என் குரலில் சொல்வார், "கல்கத்தாவிலேயே ஃபுல் மார்க் வாங்கி ஃபெயிலான ஒரே ஆளு எங்க வீட்டு அம்மாதான்" என்று முடிப்பார். கூடம் அதிரும். கோலம் வரும், பச்சைமிளகாய் வரும், முறுக்கு டப்பா கூட வரும். அன்று காலையில் மூடிகளைத் தளர்த்திவைத்தது மட்டும் அவர் கதையில் ஒருநாளும் வந்ததில்லை. நானும் எடுத்துக்கொடுத்ததில்லை. வந்தவர்கள் எதிரில் அவரை எப்படி விட்டுக்கொடுப்பது?

சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பாள், "இப்போ கை எப்படி இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு. காபி சாப்பிடுறீங்களா?" என்பேன்.

கதைக்கு ஏற்றபடி நானும் நடிக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் மறுபடியும் சிரிப்பார்கள். வடிவு மட்டும் சிரிக்காமல் எழுந்து போய் அடுப்பில் பாலை வைப்பாள்.